பதினொன்று போட்டே ஆகணுமா?

2025 அக்டோபரிலிருந்து என் போனுக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடு தொடங்குகின்றன. "தம்பி, பதினொன்று போட்டே ஆகணுமா? பத்து நல்லாத்தானே ஓடுது?" விண்டோஸ் 11-ஐயும் 10-ஐயும்தான் சொல்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்கிறார், ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்யும் பெண் கேட்கிறார், நெல் மண்டிக் கணக்குப்பிள்ளை கேட்கிறார். கும்பகோணத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சிஸ்டம் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து பார்க்கிறேன். ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு வண்டியை எடுக்க முடிந்தால் எனக்கும் நிம்மதிதான். முடிவதில்லை. ஏன் என்பதை ஒருமுறை விரிவாக எழுதிவைக்கிறேன்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29 அன்று. அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய நாள் 2025 அக்டோபர் 14. அந்த நாளுக்குப் பிறகும் சிஸ்டம் ஆன் ஆகிறது, பில் போடுகிறது, பிரிண்ட் வருகிறது. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் ஆளில்லை. வெளியே பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது. அதனால் "நல்லாத்தானே ஓடுது" என்று அவர்கள் சொல்வது உண்மை. ஓட்டை அடைபடாது என்று நான் சொல்வதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில்தான் சின்னக் கடைகள் மாட்டிக்கொண்டு தவிக்கின்றன.

ஒரு கடையை எடுத்துக்கொண்டு சொன்னால்தான் புரியும். பெரிய கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி சென்டர், அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் கட்டித் தரும் கடை. நடத்துகிற அக்கா தமிழ் தட்டச்சில் ஹையர் முடித்து, தொண்ணூறுகளில் அச்சகத்துக்குப் பக்கம் கட்டிக் கொடுக்க வந்தவர். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் அவர் கையால்தான். வேலை செய்வது பேஜ்மேக்கர் 7-ல். 2001-ல் வந்த, பக்கம் கட்டும் நிரல் அது. 2004-லேயே அடோபி அதை வளர்ப்பதை நிறுத்திவிட்டது. இருந்தாலும் ஊரில் பக்கம் கட்டுகிற பலருக்கு இன்றுவரை அதுதான் கைக்கருவி.

அந்த மேசையில் இருப்பதை ஒரு கம்ப்யூட்டர் என்று நினைத்தால் தவறு. பேஜ்மேக்கருக்கு மேல் ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பு. அந்த எழுத்துருவுக்கென்றே ஒரு கீபோர்டு நிரல். பழைய தட்டச்சு முறையில் அடித்தால் எழுத்து சரியாக விழச் செய்வது அதுதான். அந்த நிரல் ஓட வேண்டுமென்றால் பின்பக்கம் ஒரு டாங்கிள், அதாவது காசு கொடுத்து வாங்கியதற்குச் சாட்சியான சாவி போன்ற சின்னக் கருவி, செருகியிருக்க வேண்டும். டாங்கிளைக் கம்ப்யூட்டர் அடையாளம் காண டிரைவர் என்ற இணைப்பு நிரல் ஒன்று வேண்டும். கடைசியில், டிரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்து மினி ஆஃப்செட்டுக்கு அனுப்ப ஒரு பழைய லேசர் பிரிண்டர், அதற்கும் ஒரு டிரைவர். ஒவ்வொன்றையும் செய்தவர் வேறு வேறு ஆள். அவர்களில் சிலர் தொழிலை விட்டே போய்விட்டார்கள். இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியை மாற்றச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட். அது எல்லாக் கண்ணிகளையும் தாங்கி நிற்கிற கண்ணி.

சென்ற கோடையில் அக்காவின் சிஸ்டத்தில் மதர்போர்டு போனது. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த போர்டு, அதைக் குறை சொல்ல முடியாது. புதிதாக வாங்கியதில் பதினொன்று போட்டே வந்தது. எழுத்துரு ஏறியது. டாங்கிளைச் செருகினால் விளக்கு எரிந்தது, நிரல் மட்டும் திறக்க மறுத்தது. காரணம் சிக்கலானதில்லை. அந்த டாங்கிளுக்கு எழுதப்பட்டிருந்தது 32 பிட் டிரைவர், அதாவது பழைய வகை விண்டோஸுக்கானது. விண்டோஸ் 10 வரைக்கும் 32 பிட் பதிப்பு இருந்தது. பதினொன்றுக்கு 64 பிட் மட்டும்தான். 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்கள் ஓடும், 32 பிட் டிரைவர்கள் ஓடாது. போதாக்குறைக்கு விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே 64 பிட் விண்டோஸ், முறையாக டிஜிட்டல் கையொப்பமிடப்பட்ட டிரைவரைத்தான் உள்ளே விடும். இருபது வருஷத்துக்கு முன் யாரோ எழுதி, கையொப்பமும் இல்லாமல் விட்டுப்போன டிரைவருக்கு இப்போது யார் கையொப்பம் போடுவார்கள்? பழைய பில்லில் இருந்த நம்பருக்கு அக்கா போன் செய்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

காசு கொடுத்து, ரசீது வாங்கி, நேர்மையாகப் பயன்படுத்திவந்த மென்பொருள் அது. திருட்டுப் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுடையதில் டாங்கிள் கேட்காதபடி பூட்டை உடைத்திருப்பார்கள். முறையாக வாங்கியவர்தான் மாட்டிக்கொண்டார். இது என்னை இன்றும் கோபப்பட வைக்கிறது.

அன்று மாலையே ஒரு கண்ணீர் அஞ்சலி வேலை வந்தது. அந்த வேலைக்குத் தவணை கிடையாது. இரவுக்குள் பக்கம் கட்டினால்தான் விடிவதற்குள் போஸ்டர் ஒட்ட முடியும். துக்க வீட்டு ஆள் கடை வாசலில் நிற்கும்போது, "புதுச் சிஸ்டத்துல எழுத்து வரலைங்க" என்று எப்படிச் சொல்வது? அக்கா படத்தையும் பெயர்ப்பட்டியலையும் எடுத்துக்கொண்டு இன்னொரு கடைக்குப் போய், அவர்கள் சிஸ்டத்தில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். போட்டிக் கடைதான், இந்தத் தொழிலில் அந்த உதவி இன்னும் இருக்கிறது.

எழுத்துருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தமிழில் வேலை செய்பவருக்கு ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) மாற்றம் தரும் வலியில் பாதி இங்கேதான் இருக்கிறது. யூனிகோடு என்ற உலகப் பொதுத் தரத்துக்கு முந்தைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் உட்கார வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. இன்னொரு பக்கம் இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி என்ற முறை. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி. அரசு அலுவலகங்களில் பல வருஷம் வானவில். 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. அதற்குள் எத்தனை ஆயிரம் கடைகளின் கோப்புகள் பழைய முறையில் குவிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்புகளில் இருப்பது தமிழே இல்லை, ஏதோ மேற்கத்திய எழுத்துக் குவியல். எழுத்துரு என்ற மேற்பூச்சு இருக்கிறவரை நமக்குத் தமிழாகத் தெரியும். ஓஎஸ்ஸும் நிரல்களும் புத்திசாலியாக ஆக ஆக, இந்தப் பூச்சு உரியத் தொடங்கியது. டிஸ்கியில் 'இ' எழுத்து 173-ஆம் இடத்தில் இருந்தது. உலகத் தரத்தில் அந்த இடம் வரி முறியும்போது மட்டும் தோன்றும் இணைப்புக்குறிக்கு உரியது. மற்ற நேரத்தில் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அந்த விதியை மதிக்கிற நிரலில் திறந்தால் 'இ' மட்டும் காணாமல் போகும். அதற்காகவே பிறகு 254-ஆம் இடத்திலும் ஒரு 'இ' வைத்தார்கள். நிரலை எழுதியவர் தப்புச் செய்யவில்லை, டிஸ்கியை உருவாக்கியவர்களும் அன்று கிடைத்த இடத்தில் நல்லெண்ணத்தோடுதான் வைத்தார்கள். இடையில் விழுந்தது நம் 'இந்திரா'வும் 'இளங்கோ'வும்.

யூனிகோடுக்கு வந்தவர்களும் முழுக்கத் தப்பவில்லை. விண்டோஸ் 2000-த்திலிருந்து கூடவே வந்த எழுத்துரு லதா. பள்ளி, கல்லூரி, அலுவலகம் என்று எல்லாரும் அதிலேயே அடித்தார்கள். விண்டோஸ் 8-ல் நிர்மலா வந்தது. பத்தில் லதாவும் விஜயாவும் தேவைப்பட்டால் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டிய கூடுதல் எழுத்துருக்கள் ஆகிவிட்டன. தமிழ் மொழியைச் சேர்க்காத சிஸ்டத்தில் லதாவில் அடித்த கோப்பைத் திறந்தால் அதற்குப் பதில் நிர்மலா வந்து உட்காரும். எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் லதா அகலமானது, நிர்மலா ஒடுங்கியது. வரி உடைவது மாறும், பக்கம் நகரும், பொருளடக்கத்தில் போட்ட எண்கள் பொய்யாகும். ஒரு ஆராய்ச்சி மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் பதறிப்போய் என்னிடம் கொண்டுவந்தது இந்தச் சிக்கலைத்தான். விண்டோஸ் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) விருப்ப அம்சங்கள் (ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்) என்ற இடத்துக்குப் போய்த் தமிழ்க் கூடுதல் எழுத்துருக்களை இறக்கினால் சில நிமிடத்தில் சரியாகும். அந்த வழி இருப்பது தெரியாமல் எத்தனை பேர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திருத்தியிருப்பார்களோ.

நெல் மண்டிக் கதை வேறு மாதிரி. அங்கே பில் போடுவது ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில். தொண்ணூறுகளில் ஊரைச் சேர்ந்த ஒரு கல்லூரிப் பையன் எழுதிக் கொடுத்த நிரல். மூட்டைக் கணக்கு, எடை, கமிஷன், லாரி வாடகை எல்லாம் அந்த மண்டியின் வழக்கப்படியே. கறுப்புத் திரை, மவுஸ் வேண்டாம், கணக்குப்பிள்ளையின் விரல் போகிற வேகத்துக்கு எந்தப் புதிய பில்லிங் நிரலும் ஈடு கொடுக்காது. 32 பிட் விண்டோஸில், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து இந்த மாதிரி நிரல்களை ஓட்ட ஒரு வசதி உள்ளேயே இருந்தது. 64 பிட்டில் அது இல்லை. டாஸைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரலைப் போட்டுத் திரையைக் கொண்டுவந்துவிட்டேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு வழி செய்வதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது ஓடுகிறது. "ஐயா, இது இன்னும் எத்தனை நாளைக்குன்னு உறுதி சொல்ல முடியாது" என்றேன். "நானும் எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது தம்பி, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார்.

ஆடிட்டர் ஆபீஸில் பிரச்சினை, பென்டிரைவ் போலச் செருகும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன். ஓஎஸ் மாறினால் டோக்கனின் டிரைவர், அதோடு பேசும் துணை நிரல், பிரவுசர் மூன்றும் ஒன்றை ஒன்று மறுபடி அடையாளம் காண வேண்டும். மாதத்தின் முதல் பாதியில் என்றால் பொறுமையாகச் செய்யலாம். 20-ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள் என்பதால், 15-க்கு மேல் யார் சொன்னாலும் அந்த ஆபீஸ் சிஸ்டங்களில் நான் கை வைப்பதில்லை.

"அப்படியென்றால் அப்டேட்டே வேண்டாம் என்று அணைத்துவிட்டால் என்ன?" இதையும் கேட்கிறார்கள். இங்கேதான் எனக்குத் தொண்டை வற்றுகிறது. 2017 மே 12-ஆம் தேதி வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் டிரஸ்ட் எனப்படும் 236 மருத்துவ நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குத் தந்திருந்த நேரம் ரத்தானது. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே, அதாவது இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது. அங்கே மாட்டியவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்பி கூட இல்லை, திருத்தம் போடாத விண்டோஸ் 7. மருந்து கையில் இருந்தும் யாரும் போடவில்லை.

ஏன் போடவில்லை? மருத்துவமனைகளின் காரணம் வேறாக இருக்கலாம். எங்கள் பக்கத்துக் கடைகளில் அப்டேட்டை அணைக்கச் சொல்லி என்னிடம் வந்தவர்களின் காரணம் எனக்குத் தெரியும். 2015, 2016-ல் ஏழும் எட்டும் வைத்திருந்தவர்கள் எல்லாரையும் பத்துக்கு இழுக்க மைக்ரோசாஃப்ட் மூலையில் ஒரு சின்னத்தை வைத்தது. தானியங்கி அப்டேட் இயங்கிய சிஸ்டங்களில், கேட்காமலேயே பல ஜிபி அளவுள்ள நிறுவல் கோப்புகள் பின்னணியில் இறங்கின. ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். அதற்கு முன் டேட்டா கார்டில் மாதத்துக்கு ஒரு ஜிபி, இரண்டு ஜிபி என்று அளந்து பயன்படுத்திய ஊரில் அது எவ்வளவு பெரிய அத்துமீறல் என்று யோசியுங்கள். பிறகு அந்த அறிவிப்புப் பெட்டியின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினால்கூடச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டது. ஒரு பெட்டியை மூடுவது வேண்டாம் என்பதற்கு அடையாளம் என்று அதே விண்டோஸ்தான் இருபது வருஷமாக மக்களுக்குப் பழக்கியிருந்தது. கலிபோர்னியாவில் பயண முகமை நடத்திய ஒரு பெண், கேட்காமல் வந்த மாற்றத்தால் தன் சிஸ்டம் முடங்கியது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் நஷ்டஈடு பெற்றார். நம் ஊரில் வழக்குக்குப் போக யாருக்கு நேரம்? அப்டேட் சர்வீஸையே முடக்கிக் கொடு என்றார்கள். வீடு முகூர்த்தத்துக்கு நிற்கும்போது சிஸ்டம் தானாக மாறிக்கொண்டிருந்தால் அப்படித்தான் கேட்பார்கள்.

அடுத்த ஆண்டு வான்னாகிரை வந்தது. ஆளை ஏமாற்றிப் புதுப் பதிப்பைத் திணிப்பதற்கும், உயிர்காக்கும் திருத்தத்தைக் கொண்டுவருவதற்கும் ஒரே வாசலைப் பயன்படுத்தினால், மக்கள் அந்த வாசலைச் சாத்திவிடுவார்கள். இதைத்தான் நான் பத்து வருஷமாகக் கண்ணால் பார்க்கிறேன். எனக்கு மைக்ரோசாஃப்ட் மேல் உள்ள முதன்மையான மனக்குறை இதுதான். புதிய மெனு பிடிக்கவில்லை, டாஸ்க்பாரை மேலே நகர்த்த முடியவில்லை என்பதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அந்த வாசல் வழியாக வந்த அப்டேட்டே கோப்புகளை அழித்த கதையும் உண்டு. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த அரையாண்டுப் பதிப்பு, கோப்புறைகளை வேறு டிரைவுக்குத் திருப்பிவைத்திருந்த சிலரின் பழைய இடத்தில் மிச்சமிருந்த கோப்புகளை அழித்துவிட்டது. சில நாளில் விநியோகத்தை நிறுத்தி, சரி செய்து, நவம்பர் 13-ல் மறுபடி வெளியிட்டார்கள். பாதிப்பு மிகச் சிறிய விகிதம்தான் என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தியவர்களில் சிலர் வெளியீட்டுக்கு முன்பே இந்தப் புகாரை எழுதியிருந்தார்கள். சி டிரைவில் இடமில்லாததால் கோப்புறையை டி டிரைவுக்கு மாற்றிவைப்பது நம் ஊர் சர்வீஸ்காரர்கள் எல்லாரும் செய்யும் வேலை. அந்தச் செய்தியைப் படித்த அன்று ஒவ்வொரு கடையாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி பதினொன்றின் நுழைவு விதிக்கு வருகிறேன். 2021 அக்டோபர் 5-ல் அது வெளிவந்தபோது டிபிஎம் 2.0 வேண்டும், சிஸ்டம் துவங்கும்போதே அங்கீகாரமில்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் வேண்டும், பிராசஸர் இன்டெலில் எட்டாவது தலைமுறையாவது இருக்க வேண்டும் என்றார்கள். டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பகுதி. தனிச் சில்லாகவும் இருக்கும், பிராசஸரோடு சேர்ந்த வசதியாகவும் இருக்கும். ஆறாவது, ஏழாவது தலைமுறை சிஸ்டங்கள் பலவற்றில் பயாஸ் என்ற துவக்க அமைப்பில் அது அணைந்து கிடக்கும், போய் ஆன் செய்தால் வேலை செய்யும். ஆக அந்த சிஸ்டங்களைத் தடுப்பது டிபிஎம் இல்லை, அங்கீகரித்த பிராசஸர்களின் பட்டியல்தான். அந்தப் பட்டியலிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏழாவது தலைமுறையைச் சேர்ந்த ஐ7-7820எச்க்யூ பிராசஸரைப் பின்னால் சேர்த்தார்கள். மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-ல் இருந்தது அந்த பிராசஸர்தான். நவீன டிரைவர்களோடு வந்த சாதனங்கள் என்பதால் அனுமதித்ததாகக் காரணம் சொன்னார்கள். அதே தலைமுறை ஐ5 போட்ட சிஸ்டத்தை வைத்திருக்கும் கடைக்காரருக்கு அந்தக் காரணத்தை என்னால் விளக்கிச் சொல்ல முடியவில்லை.

இந்தப் பட்டியல் யாரைத் தாக்குகிறது என்று பாருங்கள். பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷத்தில் கழித்துவிடும் டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வந்து, துடைத்து, எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டு, எங்கள் மாதிரி ஊர்களுக்கு வருகின்றன. நாலாவது தலைமுறையிலிருந்து ஏழாவது வரை. திடமான பெட்டிகள், எஸ்எஸ்டி-யும் 8 ஜிபி ரேமும் இருந்தால் இன்னும் பல வருஷம் ஓடும். மேலைநாட்டில் ஒருவர் தூக்கிப் போடுவது இங்கே ஒரு கடையின் முதலீடு. பதினொன்றுக்கு மாற முடியாத கணினிகள் உலகளவில் 24 கோடி இருக்கும் என்று கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 கடைசியில் கணித்தது. மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் 2015-ல் மேடையிலேயே, பத்துதான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று பேசியது நினைவிருக்கிறது. அதை நம்பி நானும் பலரிடம் "இதுக்கு மேல மாத்த வேண்டியிருக்காது" என்று சொல்லியிருக்கிறேன்.

தடுப்பைத் தாண்டிப் போட வழிகள் இருக்கின்றன. ரூஃபஸ் என்ற நிரலில் நிறுவல் பென்டிரைவ் தயாரிக்கும்போதே அந்தச் சோதனைகளை நீக்கிவிடலாம். கேட்பவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறேன், ஆனால் உத்தரவாதம் கொடுப்பதில்லை. இப்படிப்பட்ட சிஸ்டங்களுக்கு அப்டேட் கிடைப்பது உரிமை இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. பதினொன்றின் 24எச்2 பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட கட்டளைகள் தெரியாத மிகப் பழைய பிராசஸர்களில் அது துவங்கவே துவங்காது. ஒருநாள் காலையில் கடையைத் திறக்கும்போது இன்னொரு பதிப்பு அப்படி ஒரு கதவைச் சாத்தியிருந்தால், பதில் சொல்ல வேண்டியவன் நான்.

2026 அக்டோபர் 13 வரை பத்துக்கு ஒரு வருஷம் கூடுதல் திருத்தம் தருவதாக அறிவித்தார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அவர்களுடைய கிளவுடில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு வேண்டாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு அந்தச் சேமிப்பு நிபந்தனையும் இல்லாமல் இலவசம். அங்கே நுகர்வோர் அமைப்பு கேள்வி கேட்டது, விதி மாறியது. ஒரே ஓட்டை, ஒரே திருத்தம். அதைப் பெற ஐரோப்பியருக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி. நம் நுகர்வோர் அமைப்புகளும் இதைக் கேட்டிருக்க வேண்டும். இன்னும்கூடக் கேட்கலாம். அதுவரை தகுதியுள்ள எல்லாக் கடைகளிலும் உட்கார்ந்து அந்தப் பதிவைச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பல கடைகளில் முதல் தடையே, சிஸ்டத்தில் மின்னஞ்சல் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததுதான். வேலையை விட்டுப்போன பையனின் போனுக்கு ஓடிபி போகும்.

பிரவுசரும் யூடியூபும் மட்டும் போதும் என்பவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இலவச ஓஎஸ் போடுகிறேன். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் சில இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் எஸ்எஸ்டி மாற்றி மிண்ட் போட்டால் தம்பி தங்கைகள் படிக்க உதவுகிறது. யூனிகோடுத் தமிழ் அதில் அழகாகவே வருகிறது. டேலி கேட்பவருக்கும் பேஜ்மேக்கர் கேட்பவருக்கும் அது பதில் ஆகாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

டிடிபி அக்கா கடையில் இப்போது இரண்டு சிஸ்டம். புதியது நெட்டுக்கு, மெயிலுக்கு, கலர் வேலைகளுக்கு. எங்கோ தேடிப் பிடித்த ஒரு பழைய பெட்டியில் 32 பிட் விண்டோஸ் 7, டாங்கிள், பேஜ்மேக்கர். அதில் நெட் கேபிள் கிடையாது, வைஃபை கிடையாது. பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் எடுத்துக்கொள்வார். அந்தப் பென்டிரைவை வேறு எந்தக் கடையிலும் செருகக் கூடாது என்று சிவப்பு டேப் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இது தற்காலிக ஏற்பாடு என்பது அவருக்கும் தெரியும். ஆகவே புதிய வேலைகளை யூனிகோடில் கட்டப் பழகிக்கொண்டிருக்கிறார். யூனிகோடில் தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டரில் பழைய தட்டச்சு முறை இருப்பதால் விரல்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் அடித்துப் பார்த்துவிட்டு, "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் ஏன் தம்பி அந்த டாங்கிளைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கப் போறேன்" என்றார்.

பழைய கோப்புகள்தான் பெரிய வேலை. இருபது வருஷத்துப் பத்திரிகைகள், கோயில் மலர்கள், ஊர்ச் சங்கங்களின் ஆண்டறிக்கைகள். பேஜ்மேக்கரிலிருந்து எழுத்தை வெளியே எடுத்து, யூனிகோடுக்கு மாற்றித் தரும் 'மாற்றி' நிரலில் போட்டால் தமிழ் பெரும்பாலும் சரியாக வந்துவிடுகிறது. இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்கள்தான் சிதைகின்றன. வெறும் எழுத்தாக எடுக்கும்போது எது எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் போய்விடுகிறது; மாற்றி அந்த ஆங்கிலத்தையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடுகிறது. பட்டப்படிப்புகள், கம்பெனிப் பெயர்கள், மின்னஞ்சல் முகவரிகள் எல்லாம் பொருளற்ற தமிழெழுத்துகளாக நிற்கும். பழைய அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அக்கா படிக்கப் படிக்க நான் திருத்துகிறேன்.

2004 மகாமகத்துக்குப் போட்ட மலர்களை முதலில் எடுத்துக்கொண்டிருக்கிறோம், அடுத்து 2016. அடுத்த மகாமகம் 2028-ல். அதற்கு ஒரு வருஷம் முன்பே கமிட்டிக்காரர்கள் வந்து பழைய தலவரலாறு, உபயதாரர் பட்டியல் எல்லாம் கேட்பார்கள் என்று அக்கா சொல்கிறார். 2004 மலரில் குளத்தைச் சுற்றியுள்ள மண்டபங்களைப் பற்றிய கட்டுரை முடிந்துவிட்டது; உபயதாரர் பட்டியலில் பாதிதான் ஆகியிருக்கிறது.